சாவி போட்டுத் திறந்தால் திருட்டா?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு வீடு புகுந்த சம்பவத்துக்கு நான்தான் சாட்சி. காரை ஓட்டிக்கொண்டு போனதும் நானே...

நண்பர் மகள் கவிதாவுக்கு ஈப்போவில் நிச்சயதார்த்தம். மண்டபத்துக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது — மாலைகள் பக்கத்து ஊரான லகாட்டில் உள்ள நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கின்றன. முன்கேட் ரிமோட் எங்கே? யாருக்கும் தெரியவில்லை.

"பின்பக்கமா போங்க சித்தப்பா. சாவி வாளிக்கு அடியில இருக்கு," என்றார் கவிதா.

சித்தப்பா மாரிமுத்து வெளியூர், தெலுக் இந்தான்காரர். பட்டு வேட்டியோடு என் காரில் ஏறினார். வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளின் பின்சந்துகளைப் பார்த்திருப்பீர்களே — ஒரே கதவு, ஒரே கம்பி, ஒரே வாளி. நான் காரிலேயே இருந்தேன். அவர் ஒரு வாளியைத் தூக்கினார். சாவி இருந்தது. திறந்து உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அலறல்.

ஓடினேன். காய்கறிப் பையோடு ஒரு சீன ஆன்ட்டி நின்றிருந்தார். அவருடைய ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி மாரிமுத்து. பக்கத்து வீடு! புதிதாகக் குடிவந்தவர் போல. எங்களில் யாரையும் அவருக்குத் தெரியாது. போலீசைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் எதையும் உடைக்கல லா. சாவி போட்டுத்தான் தொறந்தேன்."

பல வருஷம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான். அது உதவாது என்று தெரியும். அடுத்தவர் சாவியைக் கண்டெடுத்துத் திறந்து திருடப் போனாலும், சட்டத்தின் கண்ணில் அது வீடு உடைத்தல்தான். உடம்பில் ஏதோ ஒரு பாகம் உள்ளே போனால் போதும், நுழைந்த கணக்கு. இவர் முழுசாகவே உள்ளே இருக்கிறார்.

மணப்பெண்ணைக் கூப்பிட்டேன். கவிதா தொழிலில் வழக்கறிஞர் — எங்கள் அதிர்ஷ்டம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தப்பா, கொஞ்சம் பேசாம இருங்க. எதுக்கு உள்ள போனீங்க, அதான் கேள்வி. திருடவா போனீங்க?"

"மாலை எடுக்க வந்தேம்மா."

"அப்ப குத்தம் இல்ல. நுழையும்போதே மனசுல தப்பு எண்ணம் இருக்கணும். வேற எதையாச்சும் தொட்டீங்களா?"

மாரிமுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சித்தப்பா..."

"ஒரு சுளை டுரியான். அண்ணன் வீட்டுதுன்னு நெனச்சிட்டேன்."

"அப்படி நம்பி எடுத்தா அதுவும் திருட்டு இல்ல. ஆனா ரெண்டாவது சுளைக்குக் கை நீட்டாதீங்க."

பிறகு கவிதா ஆன்ட்டியிடம் மலாயில் பேசினார். ஆன்ட்டி லேசில் நம்பவில்லை. மாலையைக் காட்டு என்றார். மூவரும் பக்கத்திலிருந்த நண்பர் வீட்டுக்குப் போனோம். வாளியைத் தூக்கினோம், அங்கேயும் சாவி. ஃப்ரிட்ஜைத் திறந்தோம், மல்லிகை வாசம் அடுக்களை முழுக்கப் பரவியது.

ஆன்ட்டி மாலையைப் பார்த்தார். மாரிமுத்துவைப் பார்த்தார்.

"செடாப்?" — ருசியா இருந்ததா என்று கேட்டார்.

"செடாப்," என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

ஆன்ட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைப்பேசி பைக்குள் போனது.

யோசித்துப் பாருங்கள். நாம் பூட்டை நம்புகிறோம், சாவியை வாளிக்கடியில் வைத்துவிட்டு! சட்டம் நம்மைவிடக் கெட்டி. அது பூட்டோடு நிற்காமல் மனசையும் திறந்து பார்க்கிறது.

மாலைகள் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. கூப்பிட்டதும் ஆன்ட்டியும் எங்களோடு வந்தார், மிச்ச டுரியானைப் பையில் மறைத்துக்கொண்டு. மண்டப வாசலில் பெரிய போர்டு: டுரியான் கொண்டுவரத் தடை. ஆன்ட்டி நின்று, நிதானமாகப் படித்து, உள்ளே நடந்தார். வழக்கறிஞர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு முழு எண்ணத்தோடு அத்துமீறி நுழைந்தவர், அவர் ஒருவர்தான்.