வெர்லீன் வீட்டு ஜன்னல்

லூயிவில் நகரத்தில் மே மாதம் முதல் சனிக்கிழமை டெர்பி குதிரைப் பந்தயம். அன்றைக்கு விருந்து வைக்காத வீடு ஒன்று இருந்தால், அது இழவு வீடாக இருக்க வேண்டும், இல்லை ஆளில்லாத வீடாக இருக்க வேண்டும். வெர்லீன் ஹேச்சர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இருபத்தாறு வருடம் ஒரு தடவைகூட விட்டதில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறிச் சலித்த கை, அந்த ஒரு நாள் மட்டும் சலிக்காது. மூன்று வகை இறைச்சியும் சோளமும் வெண்டைக்காயும் குழையக் குழைய வெந்த பர்கூ ஒரு அண்டா. புதினா கசக்கிப் போட்ட பூர்பன் விஸ்கி ஆளுக்கொரு டம்ளர். தலையில் குடை அகலத்துக்கு ஒரு தொப்பி.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குதிரைகள் கிளம்புவதற்கு முன் ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். மைதானம் நாலு தெரு தள்ளித்தான். அங்கே கூட்டம் போடும் கூச்சல் ஜன்னல் வழியாக உடனே வந்துவிடும்; டிவியில் படம் ஆடி அசைந்து பின்னால் வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது அந்தத் தெருக்காரர்களுக்குப் பழமொழி இல்லை, தலைவலி. முடிவு முன்னாடியே காதில் விழுந்தால் பந்தயம் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அதனால் சாத்திவிட்டு, வேர்த்து வழியப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் வெர்லீனின் மகன் ராய்ஸ் டெர்பியில் குதிரை ஓட்டினான். இருபத்திரண்டு வயது. காப்பர் கெட்டில், அதாவது செம்புக் கெண்டி, என்ற செம்பட்டைக் குதிரை. ஜெயிக்கும் என்று அதன் சொந்தக்காரரே நம்பவில்லை. அதனால் என்ன? டெர்பியில் ஓடுகிறது!

பதினாறு வயதில் ராய்ஸ் ஜாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் கொண்டுவந்தான். பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவன் அப்பா ஓர்வில் ஜாக்கியாக இருந்தபோது அதே மைதானத்தில், தூரத்துத் திருப்பத்தில், குதிரையோடு விழுந்து இடுப்பு நொறுங்கியவன். தடி இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாது. "நான் போட மாட்டேன்" என்று பேனாவை மேசையில் உருட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். உருண்டு வந்த பேனாவை எடுத்து வெர்லீன் போட்டாள். பையன் முகம் அப்படி இருந்தது. அதற்குப் பிறகு ஓர்வில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ராய்ஸ் ஒவ்வொரு முறை குதிரை ஏறும்போதும் அந்தக் கையெழுத்து அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு அவன் நல்லபடியாக ஓட்டி இறங்கினால் அது இறங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில் ராய்ஸ் போன் பண்ணினான். "மா, எனக்கு ஒரு கிண்ணம் பர்கூ எடுத்து வை. எடைக்குப் பயந்து ரெண்டு மாசமா முட்டையும் கீரையும்தான்."

"அண்டாவையே வெக்கறேன்டா. நீ வந்து சேரு."

சாயங்காலம் பதினைந்து பேர் கூடினார்கள். ஓர்வில் வழக்கம்போல உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் தங்கை ஜூனெல் இணையத்தில் படம் வரும் பெரிய டிவியைத் தன் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தாள். தொப்பிக்குள் குதிரைப் பெயர்களைச் சீட்டாகப் போட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். காப்பர் கெட்டில் சீட்டு மட்டும் அதில் இல்லை.

"எங்கடி அது?" என்றாள் ஜூனெல்.

"என் பையன வேற எவளும் எடுக்கக் கூடாது" என்று வெர்லீன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினாள்.

"ஆமா, பெரிய தங்கக்கட்டி! கெண்டிப் பேரு வெச்ச குதிர, கொதிக்கறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டு ஹாலிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார்.

"வேணாம் ஹாலிஸ். இந்த வருஷம் திறந்திருக்கட்டும்."

"என்னம்மா, சட்டம் போட்டவளே நீதான?"

"என் பையனுக்குக் கத்தறத நான் நேராக் கேக்கணும். உங்க எல்லாருக்கும் முன்னாடி கேக்கணும்."

பெற்றவளுக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா? ஹாலிஸ் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

திடீரென்று ஜன்னல் வழியாக லட்சம் பேரின் கூச்சல் வந்தது. டிவியிலோ குதிரைகளை இன்னும் கூண்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "அங்க கிளம்பிட்டாங்க, இங்க கடிவாளத்தப் பிடிச்சிட்டிருக்கான்! உன் டிவி அரை நிமிஷம் பின்னாடி ஓடுது ஜூனெல்!" என்று ஹாலிஸ் கேலி செய்தார். பிறகு படத்திலும் கிளம்பின. ராய்ஸ் உள்பக்கமாக நுழைந்து நாலாவதாக வந்தான். நாலாவது! ஜூனெல் தொப்பியைக் கழற்றி வீசினாள். வெர்லீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது ஜன்னல் வழியாக வேறொரு சத்தம் வந்தது. கூச்சல் நடுவில் அறுந்து, ஒரு பெரிய கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்ததுபோல "ஓ" என்று கேட்டது.

அறையில் இருந்தவர்கள் டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார்கள். உள்ளறைக் கதவு திறந்தது. ஓர்வில் தடியில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எவனோ விழுந்துட்டான்" என்றான். "தரையில கிடந்தப்ப எனக்குக் கேட்ட சத்தம் இது."

"வாய மூடு" என்றாள் வெர்லீன். "இருபது பேரு ஓட்டறாங்க."

படத்தில் குதிரைகள் தூரத்துத் திருப்பத்தை நெருங்கின. ராய்ஸ் இப்போது மூன்றாவதாக இருந்தான். முன்னே போன குதிரையின் பின்னங்கால்களை ஒட்டி, இடமே இல்லாத இடத்தில் காப்பர் கெட்டிலை நுழைத்துக்கொண்டிருந்தான். ஓர்விலின் வாயிலிருந்து முனகல் வந்தது. வெர்லீன் ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினாள். படம் நின்றது.

"ஏய், என்ன பண்ற!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள்.

திரையில் ராய்ஸ் குனிந்து, பிடரிமயிரில் முகம் புதைய, சேணத்தின் மேல் இருந்தான். நாலு தெரு தள்ளி ஆம்புலன்ஸ் ஊளையிட்டது.

"வெர்லீன், விடு. நிறுத்தி வெச்சா ஆச்சா?" என்றான் ஓர்வில். ஆறு வருடமாகச் சொல்லாததை அப்போதும் அவன் சொல்லவில்லை.

"இன்னும் விழல. பாரேன், நல்லாத்தான் இருக்கான். நான்தான கையெழுத்துப் போட்டேன். நான்தான போட்டேன் ஓர்வில்."

சமையலறையில் எடுத்து மூடி வைத்திருந்த பர்கூ கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவள் போன் அடித்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஜூனெல் எழுந்து, அந்த வீட்டில் வருடா வருடம் செய்வதைச் செய்தாள், ஜன்னலைச் சாத்தினாள். ஆம்புலன்ஸ் சத்தம் குறைந்தது. போன் முன்னைவிட நன்றாகக் கேட்டது.