பாய்லருக்குள் கட்டிய உப்பு

சவுக்கு மிலார்ச் சுள்ளி பற்றிக்கொள்ளும்போது முதலில் ஒரு காரமான வாசனை வரும், அப்புறம் கண்ணைக் கரிக்கும் புகை வரும், அதற்கும் அப்புறம்தான் நெருப்பு வரும். என் பள்ளிப் பருவத்துக் காலைகள் எல்லாம் இந்த வரிசையில்தான் விடிந்தன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில், ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது எங்கள் "வூடு". அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். கடற்கரை விடுதி ஒன்றில் தோட்டவேலை பார்த்தார். விடுதிக்காரர்கள் மொட்டைமாடியில் சோலார் போட்டதும், மூலையில் கிடந்த செம்பு பாய்லரை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மீன்பாடி வண்டியில் அதை ஏற்றி, ஊரே பார்க்கும்படி சுற்றுவழியாக ஓட்டிவந்தார் நைனா. நடுவே நெருப்பு எரிகிற குழல், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே புகை போக ஒரு நீளக் குழாய், பக்கத்தில் வெந்நீர் பிடிக்க இன்னொரு குழாய், இவ்வளவுதான் அது. ஆனால் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லாததால் நைனாவுக்கு அது கார் வாங்கினமாதிரி. குளிக்கிறவர்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: "ஒரு பக்கெட் எடுத்தா ஒரு பக்கெட் ஊத்து."

முதல் வருஷம் அரைமணியில் கொதித்த தண்ணீர், மூன்றாம் வருஷம் ஒரு மணிநேரம் எரித்தும் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, சரளா அக்காவுக்கு வேலை கிடைக்கும்வரை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில், கார்களுக்கு ஒயர் கட்டுகிற வேலை. மூன்று மாதம் பயிற்சி, அதில் மூன்று தரம் லேட்டானால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். கம்பெனி வேன் ஐந்தே காலுக்கு ரோட்டுமுனைக்கு வந்துவிடும். அக்காவுக்கு வீசிங் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டால் அன்று முழுக்க நெஞ்சு விசில் அடிக்கும். குளிக்காமல் படி தாண்டுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா நாலு மணிக்கே எழுந்து எரித்தும், தண்ணீர் காயக் காத்திருந்து ஒருநாள் அக்கா வேனை விட்டுவிட்டாள். முதல் லேட்.

நைனாவுக்குப் பாய்லர்மேல் சந்தேகமே வரவில்லை. குற்றமெல்லாம் அம்மாவின்மேல்தான். "உனுக்கு எரிக்கத் தெரியல. ஈர மிலார சொருவிக்கினு கீற" என்பார். அம்மா ஊதுகுழலை எடுத்து ஊதுவாள், ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும். அவள் வேண்டுமென்றேதான் போட்டாள் என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு நைனாவே களத்தில் இறங்கினார். பாய்லருக்குக் கோணிப்பை சுற்றினார். கீழ்ப்பக்கம் பை கருகியதே தவிர சூடு ஏறவில்லை. அடுத்து அவருக்கு வந்ததுதான் பெரிய யோசனை. "சூடெல்லாம் மேல ஓடிக்கினு கீது, வாய மூடினா உள்ளயே நிக்கும்" என்று புகைக்குழாயின் தலையில் பால் டின் மூடி ஒன்றை வைத்துக் கட்டினார். மறுநாள் சனிக்கிழமை. போக வழியில்லாத புகை பின்கட்டு முழுக்க நிறைந்து, உள்ளே குளித்துக்கொண்டிருந்த அக்காவை இருமியபடி வெளியே ஓடிவரவைத்தது. அவளை உட்காரவைத்து முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோதே ரோட்டில் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இரண்டாவது லேட். அக்கா அழவில்லை. "இன்னோர் நாளு இப்டி ஆனா அவ்ளோதான் நைனா" என்றாள். நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம், பாய்லரை முற்றத்தில் காற்றாட வைத்துவிடலாம் என்று தண்ணீரை எல்லாம் திறந்துவிட்டு, அவரும் அக்காவும் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"தண்ணி இன்னும் கீது போல" என்றார் நைனா.

அம்மா வந்து கரண்டிக் காம்பால் தட்டினாள். செம்பின் கணீர் சத்தம் இல்லை, சுவரைத் தட்டியதுபோல் கேட்டது.

"இது தண்ணி இல்லய்யா, உப்பு. நம்ம கெணத்துத் தண்ணிக்கு சோத்துக் குண்டானையே வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறேன். இத்த என்னிக்கின்னா தேய்ச்சோமா?"

நைனா பாய்லரில் தண்ணீர் ஊற்றும் வாய்க்குள் கைவிட்டுத் தடவினார். உள்சுவரில் விரல் தடிமனுக்கு வெள்ளைக்கல் படிந்திருந்தது. அத்தனை நாளும் நாங்கள் எரித்தது அந்தக் கல்லைத்தான்.

வீட்டில் இருந்த புளி மொத்தத்தையும் அம்மா சூடாகக் கரைத்து ஊற்றினாள். சோடா பாட்டில் திறந்ததுபோல் உள்ளே "புஸ்"ஸென்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குழாயைக் கழற்றி, ஓட்டைகளில் கட்டை அடைத்து, கைநிறையக் கூழாங்கல்லைப் போட்டு, தெருமணலில் நாங்கள் நாலு பேரும் அதை உருட்டினோம்.

"இன்னா அண்ணாத்த, ரோடு போட்றியா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர். தெரு சிரித்தது, நாங்களும் சிரித்துக்கொண்டே சாயங்காலம்வரை உருட்டினோம். உடைந்த முட்டையோடுபோல வெள்ளைச் சில்லுகள் ஒரு முறம் நிறைய வந்தன.

திங்கட்கிழமை இருபத்தைந்தே நிமிஷத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வேன் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ரோட்டுமுனையில் நின்றாள் அக்கா. மூன்று மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் நைனா இந்தக் கதையை எடுப்பார். "தூக்கிப் பாத்தேன், கனமா கீது. அப்பவே தெரிஞ்சிபோச்சி எனுக்கு, உப்புன்னு." கரண்டிக் காம்பு கதையில் வராது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது அந்தச் சவுக்குத் தோப்பில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பாய்லர் பழைய பாத்திரக் கடைக்குப் போய் வெகுகாலமாகிறது. அதற்காக நான் ஏங்கவில்லை, அந்தப் புகையில் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நைனா சிங்கப்பெருமாள் கோயில் ஊரில், அக்கா வீட்டில் இருக்கிறார்.

போன மாதம் நான் போயிருந்தபோது அங்கே கெய்சரில் தண்ணீர் சரியாகச் சுடவில்லை. மெக்கானிக் காயிலை வெளியே எடுத்தார். அதன்மேல் அதே வெள்ளைக்கல். நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய கதை வரப்போகிறது என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"தம்பி, எங்க வூட்டு பாய்லர்லயும் இதான் கட்டிக்கினு இருந்திச்சி. நான் இன்னான்னமோ பண்ணிப் பாத்தேன். கரண்டியால ஒரு தட்டு தட்டி, உப்புன்னு கண்டுபுடிச்சது என் பொண்டாட்டி."

"அம்மாவுக்கு நல்ல மூளை பெரியவரே" என்றார் மெக்கானிக்.

"ஆமா தம்பி" என்றார் நைனா. இந்த ஒரு வரியை அம்மா இருக்கும்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா புளி எடுத்துவர அடுப்படிக்குள் போனாள்.