பந்தயக் கிளட்ச்சும் பல் டாக்டரும்

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் கார் அலறியது. அலறியதே தவிர ஏறவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கினார். கார் இன்னும் உரக்க அலறியது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நின்றது.

முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"கிளட்ச் போச்சு மாப்பிள்ளை."

"எப்படி அத்தை அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"சத்தம் ஏறுது, வண்டி ஏறல. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்ல. கிளட்ச்தான்."

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நாற்பத்தைந்து வயதான அந்தச் சாம்பல் நிறக் கார் அவருடைய கணவர் வாங்கியது. கணவர் காலமான பிறகு கார் மருமகனிடம் வந்தது. காரோடு முன் இருக்கையும், முன் இருக்கையோடு மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். லாரிக்காரர் லாரியை ஓரங்கட்டிவிட்டு, இன்னும் மூன்று பேரோடு வந்து காரைப் பிடித்து மெதுவாகப் பின்னோக்கி இறக்கியபோதுகூட அவர் இடத்தை விட்டு அசையவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது பல் டாக்டரிடம்; அன்றைக்கு அங்கே போக முடியாது என்று தெரிந்தபோது மட்டும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

பட்டறை வைத்திருந்தவர் ஒரு பெண்மணி. மெக்கானிக்கம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எப்போதும் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருப்பதால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துக் காட்டினார்.

"எஞ்சின் நின்னு போகணும் சார். நிக்கல பாருங்க. பிளேட் வழுக்குது, சுத்தமா தேஞ்சு போச்சு." திருகாணிகளைக் கையில் துப்பிக்கொண்டார். "கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். முழு நாள் வேலை. திரும்பத் திரும்ப இறக்க முடியாது. அதனால நல்லா யோசிச்சு வாங்கிட்டு வாங்க."

'யோசிச்சு' என்ற சொல்லை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

கண்ணாடிக்கடைக்காரர் முப்பது வருஷமாக அடுத்தவர்களை முடிவெடுக்க வைத்துப் பிழைத்தவர். மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஆளைக் கறுப்பு நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்பார். தனக்கென்று வந்தால் மட்டும் ஒரு சட்டைத் துணிகூட எடுக்கத் தெரியாது. மகள் பிறந்தபோது பெயர் வைக்க ஏழு மாதம் யோசித்தார். அதற்குள் ஊரே 'பாப்பா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. இன்று வேறு ஊரில் வங்கி மேனேஜராக இருக்கும் அந்தப் பெண் இன்னமும் பாப்பாதான். வீட்டில் எது வாங்குவதென்றாலும் நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவிதான் வாங்குவார். இந்தத் தடவை அவர் கையை விரித்துவிட்டார்.

"எனக்குக் கிளட்ச் வாங்கத் தெரியாது. நீங்களே பார்த்துக்கோங்க."

அவரும் பார்த்தார். மூன்று வாரம் பார்த்தார். மாமியாரும் மனைவியும் பஸ்ஸில் போய்வந்தார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அந்தக் காருக்கு மூன்று வகையில் கிளட்ச் கிடைத்தது. ஒன்று, கார் செய்த காலத்திலேயே செய்து, யாரும் வாங்காமல் மெழுகுத்தாளில் சுற்றியபடி ஒரு கடையின் மேல் தட்டில் நாற்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அசல்தான், ஆனால் பிளேட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருந்த பசை இன்னும் பிடிக்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இரண்டாவது, அதே அளவில் இப்போது புதிதாகச் செய்து வரும் சாதாரண வகை. மூன்றாவது பந்தய வகை. பிளேட்டில் செம்பு நிறக் கட்டிகள் பதித்திருக்கும், ஸ்பிரிங் யானையைத் தாங்கும். மெக்கானிக்கம்மா கழற்றிக் கொடுத்த பழைய பிளேட்டைக் கடைக்கே கொண்டுவந்து, லென்ஸ் அளக்கும் கருவியால் அதன் குறுக்களவை அளந்தார். நடுவிலிருக்கும் பற்களை மூன்று தடவை எண்ணினார். கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடமும் கருத்துக் கேட்டார். எழுத்தே தெரியவில்லை என்று வந்த ஓய்வுபெற்ற தபால்காரர், அந்தப் பிளேட்டை விரலால் தடவிப்பார்த்து, "நல்ல தட்டு, ஆனா ஓரம் கொஞ்சம் தேஞ்சிருக்கே" என்றார்.

இப்படி ஊர் வாயையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் பந்தயக்காரர் கடைக்குள் நுழைந்தார். பழைய கார்கள் சங்கத்தின் செயலாளர். வாழ்க்கையில் ஒரே ஒரு கார் பந்தயத்தில் கலந்துகொண்டு ஐந்தாவதாக வந்தவர். ஓடியவை மொத்தம் ஐந்து கார் என்பதை அவர் சொல்வதில்லை.

"சார், கிளட்ச்ங்கறது காரோட கைகுலுக்கல் மாதிரி. பிடிச்சா உடும்புப் பிடியா இருக்கணும். சாதாரணப் பிளேட்டெல்லாம் கிழவிங்க ஓட்டறதுக்கு."

"எங்க வீட்டுல..."

"யோசிக்காதீங்க சார்! ஆம்பளை மாதிரி ஒரு முடிவெடுங்க."

யோசிக்காதே என்று அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அதைக் கேட்டதும் உள்ளே என்னவோ அவிழ்ந்தது. அன்று மாலையே போய்ப் பந்தயக் கிளட்ச்சை வாங்கிவிட்டார். பெட்டியை அணைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தபோது தரையில் கால் பாவவில்லை.

மெக்கானிக்கம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். திருகாணிகளை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அப்படி எடுத்து வைத்தால் நிறையப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"சார், இந்த வண்டியில நீங்க எங்கெல்லாம் போவீங்க?"

"கடைக்கு. மார்க்கெட்டுக்கு. அத்தையைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு."

"அதுக்கு எதுக்கு சார் இது?"

"பின்னாடி எதுக்காவது உதவும்ல?"

"பின்னாடி என்ன, பல் டாக்டரைத் துரத்தப் போறீங்களா?"

அவர் மசியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவில் நின்றவரை எந்த வாதம் அசைக்கும்? மெக்கானிக்கம்மா பெருமூச்சு விட்டுத் திருகாணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

புதுக் கிளட்ச் போட்ட பிறகு முதல் பயணம் பல் டாக்டரிடம்தான். பெடலை மிதித்தபோதே ஏதோ சுவரை மிதித்த மாதிரி இருந்தது. காலை மெதுவாகத்தான் எடுத்தார். கார் ஒன்றும் செய்யாமல் நின்றது, பிறகு ஒரே தாவாகத் தாவியது. மாமியாரின் கைப்பை பின் இருக்கைக்குப் போனது. அடுத்த சிக்னலில் இன்னொரு தாவல். மூன்றாவது சிக்னல் வருவதற்குள் மாமியார் மேல் வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"என்ன அத்தை?"

மாமியார் பொக்கை வாயால் நிதானமாகச் சொன்னார். "நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை. நாக்கைக் கடிச்சாலும் ஈறுதான் படும்."

மனைவியும் ஓட்டிப் பார்த்தார். இருக்கையை முன்னால் இழுத்தார். பிறகு இன்னும் இழுத்தார். மூக்கு ஹாரனில் முட்டுகிற அளவுக்கு வந்தபிறகும் பெடல் பாதிதான் போயிற்று. இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் விடவில்லை. யார் கேட்டாலும், "பழகணும், பழகினா சுகம்" என்றார். இரண்டு வாரத்தில் இடது கால் விந்த ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் கால்சட்டையின் இடது பக்கம் தொடையில் பிடித்தது, வலது பக்கம் எப்போதும்போலத் தொளதொளத்தது. தையல்காரர் இரண்டு தொடையையும் அளந்து, டேப்பைத் திருப்பிப்போட்டு மறுபடி அளந்து, "சார், ஒரு காலுக்கு மட்டும் உடற்பயிற்சி செய்யறீங்களா?" என்று கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தார்.

ஆறாவது வாரம் மார்க்கெட் சாலையில் வினை வந்து விழுந்தது. நெரிசல். அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். அந்தக் கிளட்ச்சுக்கோ ஒன்று நிற்கத் தெரியும், இல்லையென்றால் பாயத் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. பெடலை மிதித்துப் பிடித்திருந்த இடது கால் முதலில் நடுங்கியது. பிறகு தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் ஆடியது. பிறகு கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடிக்க, "ஆ" என்று காலை உதறினார். கார் துள்ளி, நடைபாதை மேல் ஏறி, மெத்தைக் கடை வாசலில் நிமிர்த்தி வைத்திருந்த இரட்டைக் கட்டில் மெத்தையில் முகத்தைப் புதைத்து நின்றது. மெத்தை மெதுவாகச் சாய்ந்து காரின் மேல் படுத்துக்கொண்டது.

காருக்குள் இருட்டு. மாமியாரின் குரல் மட்டும் கேட்டது.

"வந்துட்டோமா மாப்பிள்ளை?"

வெளியே கூட்டம் கூடிவிட்டது. திட்டு விழப்போகிறது என்று அவர் உள்ளேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஆனால் மெத்தைக் கடைக்காரர் தன் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. காரிலும் ஒரு நெளிசல் இல்லை. அவ்வளவுதான், அவருக்கு அருள் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா! எல்லாரும் வந்து பாருங்க! காரே வந்து மோதியிருக்கு, மெத்தை அசரல!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். அந்த அரை மணி நேரத்தில் இரண்டு மெத்தை விற்றது. கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு தலையணை இனாமாகக் கிடைத்தது.

வீட்டில் அந்தத் தலையணைமேல் காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி வெந்நீரில் துணியை நனைத்துக் கெண்டைக்காலில் ஒத்தடம் கொடுத்தார்.

"எனக்கு அந்தக் கிளட்ச் பிடிக்கல" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"தெரியும்."

"எப்போதிலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. வலது காலை மட்டும் வச்சு வச்சுப் படியேறினீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

மனைவி துணியைப் பிழிந்தார். "கல்யாணம் ஆன நாளா நீங்களா போய் வாங்கின முதல் சாமான் அது. பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நீங்க போனதைப் பஸ்ஸிலேர்ந்து பார்த்தேன். அதைப் போய்த் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

வெந்நீர் சூடு என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, யார் யாரைக் கேட்டீங்க?"

"பந்தயக்காரரை. நாலு கடைக்காரங்களை. தபால்காரரை. ஒரு பஸ் கண்டக்டரை."

"வண்டியை ஓட்டறது யாரு?"

"நானும் நீயும்."

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் தலையணையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"கண் தெரியலைன்னு வந்தவங்களை நாற்காலியில உட்கார வச்சுட்டு, தெருவுல போறவன் கண்ணைப் பரிசோதிச்சிருக்கீங்க" என்றார் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, கால் வலியோடு.

மறுநாள் காலையில் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். அங்கே அதே மாதிரிக் கார் இன்னொன்று வேலைக்கு வந்து நின்றிருந்தது. "இதுல சாதாரணப் பிளேட்தான் இருக்கு. உட்கார்ந்து மிதிச்சுப் பாருங்கக்கா" என்றார் மெக்கானிக்கம்மா. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து பெடலை இரண்டு தடவை மிதித்தார். வாசல்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார்.

"இது போதும்."

மொத்தம் நான்கு நிமிஷம். கண்ணாடிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அந்த மெழுகுத்தாள்ல சுத்தி வச்சிருந்தாங்களே, அசல் கம்பெனி, அதையும் ஒரு தடவை..." என்று அவர் தொடங்கினார். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

மெக்கானிக்கம்மா கியர்பாக்ஸை இரண்டாவது முறையாக இறக்கினார். அன்று பூராவும் வாயிலிருந்து திருகாணியை எடுக்கவே இல்லை. அது அவருடைய பெருந்தன்மை. கழற்றிய பந்தயக் கிளட்ச்சைப் பந்தயக்காரரே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிப்போய்த் தன் காரில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு சங்கக் கூட்டங்களுக்கு அவர் ஆட்டோவில் வருகிறார்.

சாம்பல் நிறக் கார் இப்போது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் மாறுகிறது. ஓட்டுவது பெரும்பாலும் மனைவிதான். காலையில் மாமியாரை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் அவருடைய தோழி வீட்டில் இறக்கிவிட்டு, நூலகத்துக்குப் போகிறார். கடைக்குக் கண்ணாடிக்கடைக்காரர் பஸ்ஸில் போகிறார். அவர் ஏறும் இடம் பஸ் புறப்படும் இடம், எல்லா இருக்கையும் காலியாகத்தான் இருக்கும். அவர் நடுவில் கம்பியைப் பிடித்து நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார்.

"சார், எல்லா சீட்டும் ஒண்ணுதான். உட்காருங்க, வண்டியை எடுக்கணும்" என்று கண்டக்டர் தினமும் கத்துகிறார்.

"இதோ, ஒரே நிமிஷம்" என்கிறார் அவர்.