அண்ணனுக்காக ஒரு வரி

தெருவில் எல்லோருக்கும் அவள் மாத்திரைதான். பெயர் வைத்தவன் அண்ணன். அவள் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, "ஆள் சின்னது, கசக்கும், ஆனா கேக்கும்" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அண்ணன் தன் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு நகராட்சிக் குப்பை லாரியில் ஏறினான். முதலில் பின்னால் தொங்கிக்கொண்டு போனான். பிறகு ஸ்டியரிங் பிடித்தான். அவளைப் படிக்க வைத்தது அந்த லாரிதான்.

லாரி போய்க் கொட்டும் இடம் அவர்கள் தெருக்கோடியிலேயே இருந்தது. குப்பை மேடு என்பது பேச்சுக்குத்தான், மாடி வீடுகளெல்லாம் அதற்கு முன்னால் குள்ளம். வெயில் ஏறினால் தானாகப் பற்றிக்கொள்ளும். காயப்போட்ட துணியில் கரி ஒட்டும். சன்னலைச் சாத்தினாலும் தொண்டை கரகரக்கும். கடையில் இன்ஹேலரை மட்டும் கை எட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள், தேடி எடுக்க நேரம் இருக்காது என்பதால்.

அண்ணன் மகளுக்கும் இழுப்பு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. அண்ணன் குப்பை லாரியிலேயே குழந்தையையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். குழந்தை பிழைத்தது. ஆனால் மாத்திரை அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. தெருவிலிருந்த இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டாள். நகராட்சிக்குப் போனாள், கூட்டங்களில் பேசினாள், அவமானப்பட்டாள், மறுபடியும் போனாள். சில வருஷங்களில் அவள் பேச்சு தலைநகரம் வரை எட்டியது. நிலையான வளர்ச்சி பற்றிய சர்வதேசப் பேச்சுவார்த்தைக்கு அரசாங்கக் குழுவோடு இளைஞர் பிரதிநிதியாக அவளையும் சேர்த்தார்கள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"மேட்டை மூடச் சொல்லித்தானே போற?"

"ஆமாண்ணா."

"மூடட்டும். வேணாம்னு நான் சொல்லுவேனா? புள்ள மூச்சு விடணும். ஆனா அதை நம்பி எத்தனை அடுப்பு எரியுதுன்னு உனக்கே தெரியும். எங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டு மூடணும். அதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிட்டு வா."

"சொல்றதென்ன, எழுத வெச்சுட்டே வரேன்."

"இவ போய் இறங்கினா அங்க இருக்கிறவங்க பாவம்" என்றாள் அண்ணி.

மாநாட்டு மண்டபத்தில் சன்னலே இல்லை. எலும்பு வரை குளிர்ந்தது. அதிகாரிகளுக்கு மேசையும் மைக்கும். இளைஞர்களுக்குச் சுவரோரம் நாற்காலி. தொடக்க நாளில் இரண்டு நிமிடம் பேச விட்டார்கள். லாரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டலோடு காரியம் முடியாது என்பது மறுநாள் புரிந்தது. நிஜமான சண்டை திரையில் ஓடும் வாக்கியங்களில் நடந்தது. ஒத்துக்கொள்ளாத வரிகளைச் சதுர அடைப்புக்குள் போட்டு வைப்பார்கள். வேறு நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் ஒரு வரி எழுதினாள்: குப்பை மேடுகளை மூடுமுன், அவற்றை நம்பி வாழ்வோருக்கு மாற்று வேலை உறுதி செய்யப்பட வேண்டும். காபி மெஷின் பக்கத்தில், லிஃப்ட் வாசலில், கழிப்பறைக்குப் போகும் வழியில்கூட அதிகாரிகளை மடக்கிப் பேசினார்கள். அவள் நாட்டுக் குழுவின் தலைவி நல்ல மனுஷி. குளிரில் நடுங்கியவளுக்குத் தன் சால்வையையே கொடுத்தவள். அந்த மேடம்தான் வரியை வரைவுக்குள் கொண்டுபோனாள், சதுர அடைப்போடு.

திரையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"வரியைச் சுத்தி வேலி போட்டிருக்காங்களே?"

"இன்னும் பேசி முடியலண்ணா. வேலியை எடுத்துட்டா நம்ம வரி நிக்கும்."

"பாத்தும்மா. வேலியைப் புடுங்கறவன் செடியையும் சேத்துப் புடுங்கிடுவான்."

கடைசி நாள் பேச்சு சின்ன அறைக்குள் நடந்தது. இளைஞர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே தரை விரிப்பில் உட்கார்ந்து காத்திருந்தாள். கதவு திறந்ததும் மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடியலம்மா. நமக்கு நிதி கிடைக்க ஒரு பாரா வேணும்னா இதை விடணும்னாங்க. 'உறுதி செய்யப்பட வேண்டும்'கிறதை 'கருத்தில் கொள்ளலாம்'னு மாத்திட்டாங்க."

"மூடறது?"

"அது அப்படியே இருக்கு. எந்த வருஷத்துக்குள்ளன்னும் போட்டிருக்கு."

"நீங்க விட்டுக் குடுத்தது என் அண்ணனை, மேடம்."

மேடம் அவள் தோளைத் தொட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இளைஞர்களை மேடைக்கு அழைத்துவிட்டார்கள், படம் எடுக்க. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். ஊர்ப் பத்திரிகையில் அந்தச் சிரிப்புதான் வந்தது.

மாநாட்டு ஒப்பந்தத்தைக் காட்டியே அரசாங்கம் மேட்டை மூடியது. மண் போட்டு மூடி, மேலே புல்லும் வளர்த்தார்கள். குப்பை அள்ளும் வேலை புது இயந்திரங்களோடு வந்த ஒரு கம்பெனிக்குப் போயிற்று. பழைய ஆட்களை வரவேண்டாம் என்றார்கள். மாத்திரை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நகராட்சிக்கு ஓடினாள்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "கருத்தில் கொள்ளலாம்னுதானே இருக்கு? கொண்டாச்சு" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ என்ன பண்ணுவ? ஒத்தையா நின்னு எவ்வளவு தள்ளுவ?" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வேலை கேட்டு அண்ணன் ஏறி இறங்காத இடமில்லை. அவனுக்குக் குப்பை லாரியைத் தவிர வேறு தொழில் தெரியவில்லை. கடைசியில் தொலைதூர ஊர் ஒன்றில், இன்னும் மூடாத மேட்டில், வேலை கிடைத்துப் போனான்.

தெருவில் காற்று சுத்தமாயிற்று. குழந்தை இன்ஹேலரை மறந்தது. அண்ணி சோறு போடுவாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. ஒரு நாள் குழந்தை மாடிப்படியை ஒரே மூச்சில் ஓடி ஏறியது. "ஓடறா பாரு" என்று சொல்லி அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அவரு பாக்கலியே" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு மாத்திரையை மறுபடி அழைத்திருந்தார்கள். பதில் எழுதுமுன் அண்ணனைப் பார்க்கப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த நாற்றம், அந்தப் புகை. அண்ணன் இளைத்திருந்தான். இருமலை அடக்கிக்கொண்டு பேசினான். கடையில் நின்று பழகிய காது அவளுக்கு. அது எந்த மாதிரி இருமல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"டாக்டரைப் பாத்தியா?"

"தூசிதான், விடு. புள்ள எப்படி இருக்கா?"

"நல்லா ஓடறா."

"அது போதும்" என்று அவன் புகை வராத பக்கமாக அவளை நகர்த்தி நிறுத்தினான். குப்பை பிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி. வெளிநாடெல்லாம் போய்ப் பேசினவ" என்றான் பெருமையாக.

தலையில் துணி கட்டியிருந்த ஒரு பெண், கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க மேட்டையும் மூடிடுவாங்களாம்மா?"

அவள் கேட்டது ஆசையிலா பயத்திலா என்று மாத்திரைக்குப் பிடிபடவில்லை. குனிந்து, அந்தச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.