சத்தம் போடாத ரெயின்கோட்

இடிக்குப் பயப்படாத ஆள் என்று யாராவது இருந்தால், பக்கத்தில் இடி விழுந்து பார்க்காத ஆள் என்று அர்த்தம். அழகேசன் பார்த்தவர். செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டில் ஒரு சித்திரை மாதம் கொட்டை பொறுக்கப் போன அவருடைய அண்ணி, மழைக்கு ஒதுங்கிய மரத்தடியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உடம்பில் பெரிய காயம் ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடந்த தூக்குவாளியின் மூடிதான் வாளியோடு ஒட்டிக்கொண்டது. அதை யாராலும் திறக்க முடியவில்லை. உள்ளே என்ன குழம்பு இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அழகேசன் கூரை தேடுவார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் கம்பெனி, தோண்டி முடித்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை மண் போட்டு மூடி, புல் வளர்த்து, அதில் மறுபடியும் ஆறு சின்னக் குழி தோண்டி, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்திருந்தது. வேலியோரத்துப் பனைகளைத் தவிர, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு என்று சேர்ந்த அழகேசன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்தப் பொட்டல் நடுவே ஃபேக்டரித் தலைவர் ரஞ்சித்குமாருக்கு மட்டைப் பை சுமப்பார். மழை வந்தால் குடை பிடிப்பார்.

ரஞ்சித்குமார் ஆனி மாதம்தான் கோயமுத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆறடி உயரம். அழகேசன் ஒருமுறை மென்று விழுங்கித் தன் பயத்தைச் சொன்னபோது, "இடி உயரமானதைத்தாங்க தேடும். நான் இருக்கிறப்ப உங்களுக்கு என்ன?" என்று தோளில் தட்டினார். அறிவியல் சரிதான். ஆனால் ஆறடி மனிதருக்குப் பிடிக்கிற குடை ஆறடிக்கும் மேலே இருக்கும். அதன் உச்சிக் கம்பியின் மறுமுனை அழகேசன் கையில் இருக்கும். இதைச் சார் யோசிக்கவில்லை. அழகேசன் ராத்திரியெல்லாம் யோசித்தார்.

ஒரே ஆறுதல், சாருக்கு நனைவது பிடிக்காது. நாலு தூறல் விழுந்தால் போதும், "போலாங்க" என்று கிளம்பிவிடுவார். அந்த ஆறுதலிலும் ஆவணியில் மண் விழுந்தது. பைக்குக்குப் போடுகிற ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு சார் மட்டையை ஓங்கினார். தொப்பி கண்ணில் சரிந்தது. பந்து ஓரத்தில் மூடாமல் விட்டிருந்த சுரங்கக் குட்டைக்குள் போனது.

"அழகேசன், மழையில ஆடறதுக்குன்னே நல்ல டிரஸ் வரும். நீங்களே விசாரிச்சு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மழையப் பத்தி உங்களவிட அதிகமா யோசிச்சவங்க இந்த ஊர்லயே இல்லைங்க."

உண்மைதான். அதனால்தான் அழகேசனுக்கு வேறு யோசனை ஓடியது. அன்று இரவு மனைவி பூமாலையிடம் திட்டத்தைச் சொன்னார்.

"ஒழுகுறதா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன். நனைஞ்சா மனுசன் வூட்டுக்குப் போயிடுவாருல்ல?"

"நனைஞ்சு காய்ச்சல் வந்தா யாரு தலை உருளும்? நல்லதா வாங்கிக் குடுங்க. மேல் முழுக்க மூடிட்டா அவருக்குக் குடை எதுக்கு? குடையே இல்லைன்னா நீங்க எதுக்கு?"

கடைசிக் கேள்வி கொஞ்சம் குத்தியது. ஆனாலும் அவ்வளவு நல்ல யோசனையை அவர் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் பெரம்பலூர் போனார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ராசாங்கம் என்பவர் கடையில் ஒரு ரெயின்கோட்டைப் போட்டுப் பார்த்தார். மூலையில் இருந்த மாப் குச்சியை எடுத்துக் குனிந்து, இடுப்பைத் திருப்பி ஓங்கினார். கோட்டு அப்பளம் மாதிரி நொறுங்கிச் சத்தம் போட்டது.

"என்னண்ணே, மடை வெட்டப் போறீங்களா?" என்றார் ராசாங்கம்.

"கோல்ஃபு."

"அது என்னா வேலை?"

"பந்தைக் குச்சியால தூர அடிச்சுட்டு, பின்னாலயே போயித் தேடறது."

"மழையிலயா?"

"மழையிலயுந்தான்."

"சம்பளம் நல்லா குடுப்பாங்களோ?"

"அடிக்கிறவருதான் எங்களுக்குச் சம்பளம் குடுக்கிறவரு."

அடுத்த கோட்டில் கையைத் தூக்கினால் சட்டைக்கை முழங்கைக்கு ஏறியது. இன்னொன்றில் தலை திரும்பியது, தொப்பி திரும்பவில்லை. ராசாங்கத்துக்கே பாவமாகிவிட்டது. "இதெல்லாம் வண்டியில குந்திக்கிட்டுப் போறவனுக்குண்ணே, இடுப்ப ஒடிக்கிறவனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, சென்னையில் விளையாட்டுச் சாமான் விற்கிற ஒருவருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

பார்சல் வந்தது. வேட்டித் துணி போல மெத்தென்று இருந்தது. கசக்கினாலும் சத்தமில்லை. தையல் வழியே தண்ணீர் இறங்காதபடி உள்பக்கம் பட்டி ஒட்டியிருந்தது. மணிக்கட்டை இறுக்கிக்கொள்ளலாம். கால்சட்டையில் முழங்கால் வரை ஜிப். ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம். நனைய நனைய இன்னும் இறுகப் பிடிக்கிற கையுறை ஒரு ஜோடி. அழகேசன் எல்லாவற்றையும் தானே போட்டுக்கொண்டு கொல்லையில் நிற்க, பூமாலை குடம் குடமாக ஊற்றினார்.

"உள்ள எறங்குதா?"

"இல்ல. மொகத்துல ஊத்தாத!"

"அதுக்கும் ஒரு மூடி வாங்கியிருக்கலாம்ல."

ஒரு சொட்டு இறங்கவில்லை. சென்னைக்காரர் கூடவே அனுப்புகிறேன் என்ற பெரிய குடையை மட்டும் அழகேசன் திட்டவட்டமாக மறுத்திருந்தார். "இனிமே குடையே தேவைப்படாது சார்" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். போட்டுப் பார்த்த சாருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

அதுதான் தப்பாகப் போனது. தூறலுக்கு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவருக்கு இப்போது ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஐப்பசி அடைமழையில் மற்றவர்கள் கதவைச் சாத்த, சார் மைதானத்துக்குக் கிளம்பினார். குடை போனதே தவிர, மட்டைப் பை போகவில்லை. அது இரும்புத் தண்டுகளை அழகேசன் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு அவர் தோளிலேயே தொங்கியது. அவர் உடம்பில் இருந்தது பைக் கோட்டு. மூச்சு விட்டாலே சரசரக்கும்.

"அடிக்கிறப்ப மட்டும் அசையாதீங்க அழகேசன். அந்தச் சத்தம் கெடுத்துடுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது குழிக்கு வந்தபோது கல்லங்குறிச்சிப் பக்கம் மின்னல் வெட்டியது. அழகேசன் வாய்க்குள் "அர்ச்சுனா அர்ச்சுனா" என்றார். இரண்டு அர்ச்சுனாவும் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் இடி கேட்டது.

"தூரத்துலதாங்க" என்றார் சார்.

அடுத்த மின்னலுக்கு ஒரு அர்ச்சுனாவுக்குத்தான் நேரம் இருந்தது. சார் பந்தின் மேல் குனிந்து நிதானமாகக் காலை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். தொப்பிக்குள் அவருக்கு என்ன கேட்டதோ. அழகேசன் அசையாமல் நின்றார். பையின் வார் தோளில் ஈரமாக இறங்கியது. மயிர்க்கால் குத்திட்டது. அது குளிரா வேறெதுவுமா என்று தெரியவில்லை. மூன்றாவது மின்னலுக்கு 'அர்' என்பதோடு சரி.

சாருக்குப் பயந்தே இத்தனை நாள் நின்ற கால்கள், அதைவிடப் பெரிய பயம் வந்ததும் சாரை மறந்துவிட்டன. பையைப் புல்லில் போட்டார். "நான் போறேன் சார்" என்று சொன்னாரா, சொன்னதாக நினைத்துக்கொண்டாரா தெரியாது. குட்டைக் கரையில் இருந்த பம்ப் ரூமை நோக்கி ஓடினார்.

"அழகேசன்! ஏங்க! பையை யாரு..."

உலகம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில்தான் அடித்தது. வேலியோரப் பனைமரம் ஒன்றின் தலையிலிருந்து புகை வந்தது. பம்ப் ரூம் வாசலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சார் குப்புறக் கிடந்தார்.

துணிச்சல் என்று பிறகு யாராவது சொன்னபோது அழகேசன் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே போகப் பயமாக இருந்தது. போகாமல் நின்று, அந்த உடம்பு மழையில் தனியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். கையும் காலுமாகத் தவழ்ந்து போனார். கை நீட்டித் தொடுவதற்குள் அந்த உடம்பு தலையைத் தூக்கியது.

"எங்க விழுந்துச்சுங்க?" என்றது.

இருவரும் தவழ்ந்தே பம்ப் ரூமுக்கு வந்து சேர்ந்தார்கள். சார் சுவரோரம் உட்கார்ந்தார். பல் கடகடவென்று அடித்தது. குளிரில் நடுங்குகிறாரோ என்று அழகேசன் அவருடைய கோட்டின் ஜிப்பை இறக்கிப் பார்த்தார். உள்ளே சட்டை இஸ்திரி கலையாமல் காய்ந்திருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லங்க?"

"அசையாதீங்கன்னு சொன்னீங்களே சார்."

மறுபடி ஒரு வெளிச்சம் வந்தது. அழகேசன் வாய்விட்டே, "அர்ச்சுனா அர்ச்சுனா" என்றார். பக்கத்திலிருந்தும் ஒரு முணுமுணுப்பு கேட்டது.

மழை விட்டது. மட்டைப் பை திறந்த வெளியில் இரும்பெல்லாம் பளபளக்கக் கிடந்தது. சார் அதைப் பார்த்தார். அழகேசனும் பார்த்தார். எடுத்து வரச் சொல்லி ஒருவர் கேட்கவில்லை, எடுத்து வருகிறேன் என்று மற்றவர் எழவும் இல்லை.