உடையப்பண்ணனும் மெடிக்கல் காகிதமும்

குவைத்திலிருந்து மஸ்கட் வரை எங்கே வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், எங்கள் உடையப்பண்ணன் மாதிரி ஒரு தைரியசாலி கிடையாது. அவர் கட்டிய சாரத்தைப் பிடித்து ஏறித்தான் தோஹாவில் சூரியனே உதிக்கும். ஒன்பதாவது மாடி உயரத்தில் ஒற்றைக் குழாய்மேல் அவர் நடந்து போனால் காற்று ஒதுங்கி வழிவிடும். கீழே எஞ்சினியர் கண்ணை மூடிக்கொள்வார். மேலே இவர் ஒரு கையில் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டு மறு கையால் முதுகைச் சொறிவார்.

அப்பேர்ப்பட்ட மனுசனை நான் ஒரு துண்டுக் காகிதத்தால் உட்கார வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

எண்பத்தைந்தாம் வருசம். தோஹாவில் நஜ்மா என்கிற பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். உடையப்பண்ணன் சிவகங்கைப் பக்கம், முப்பத்தைந்து வயது. நான் அவருக்குக் கீழே நின்று குழாய் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பர். பாஸ்போர்ட்டில் எனக்கு இருபத்திரண்டு, என் அம்மாவிடம் கேட்டால் பதினாறு. எட்டாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்டுவிட்டோம். ஆனாலும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிப்பேன் என்பதால் அறையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

அரபி எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் வலமிருந்து இடமாக எழுதிய எதுவும் எங்களுக்கு ஊருக்கு அனுப்புகிற உத்தரவுதான். ஒரு தடவை வாசற்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மூன்று பேர் அன்றைக்கு டியூட்டிக்கே போகவில்லை. பிறகு பார்த்தால் அது கம்பளக் கடை விளம்பரம். அப்போதும் அதைக் கிழித்துப்போட யாருக்கும் கை வரவில்லை. மடித்து அலமாரியில் வைத்தோம், இரண்டு மாதம் இருந்தது.

எல்லாக் காகிதத்திலும் கொடியது மெடிக்கல் காகிதம். இரண்டு வருசத்துக்கு ஒரு முறை விசாவைப் புதுப்பிக்க ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். படத்தில் ஒரு புள்ளி வெள்ளையாகத் தெரிந்தால் அவ்வளவுதான், கேன்சல். எங்கள் ஜன்னலோரக் கட்டிலில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். திங்கட்கிழமை படம் எடுக்கப் போனார். புதன்கிழமை ஆபீஸ் ஆளோடு வெள்ளை வேனில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கொடியில் காய்ந்த சட்டையை எடுக்கக்கூட நேரம் தரவில்லை. அந்தச் சட்டை ஒரு வாரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. வெங்காயம் கொட்டி வைத்திருந்தோம்.

இவ்வளவு தெரிந்தும் நான் அந்த வேலையைச் செய்தேன். சாப்பாட்டுக்கு நாங்கள் வாங்குகிற லபன், அதாவது மோர், அதன் அட்டைப்பெட்டியில் இருந்த அரபி வரிகளை அப்படியே பார்த்து ஒரு தாளில் வரைந்தேன். மேலே பெரிதாக MEDICAL என்று இங்கிலீஷில் போட்டேன். சோடா மூடியை நீல மையில் தொட்டு அமுக்கியதும் வட்டமாக ஒரு முத்திரை விழுந்தது. உடையப்பண்ணன் தலையணைமேல் வைத்தேன். மனுசன் கொஞ்சம் முழிக்க வேண்டும், சாப்பிடும்போது எல்லாரும் சிரிக்க வேண்டும், என் காதைத் திருக வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

ஞாயிறு சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவர் காகிதத்தைப் பார்த்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தம்பி, இது என்னான்னு பாரு."

"மெடிக்கல்னு போட்டிருக்குண்ணே. நெஞ்சுப் படம் எடுக்கக் கூப்புடுறாங்க."

அவர் உட்கார்ந்தார். அவர் கட்டிலில் இல்லை, வெங்காயக் கட்டிலில். நான்கைந்து வெங்காயம் உருண்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. ஒற்றைக் குழாய்மேல் நடக்கிற மனுசன் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாயில் தயாராக வைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"கதவச் சாத்து" என்றார்.

சாத்தினேன்.

"யாருட்டயும் சொல்லிறாத. ராமையாட்டக்கூடச் சொல்லாத." ராமையா அடுத்த கட்டில்காரர், கொத்தனார், அவருடைய உற்ற தோழர். "பம்பாய்ல விசாவுக்கு எடுத்தது எம் நெஞ்சுப் படம் இல்லடா."

"பின்ன யாருதுண்ணே?"

"எம் மச்சினன். வீட்டுக்காரி ராக்கம்மாவோட தம்பி. எம் பேரச் சொல்லிப் போயி சட்டையக் கழட்டிட்டு நின்னான். எனக்கு இருவது வயசுல இருமுனா ரத்தமா வந்துச்சு. மருதயில ஆறு மாசம் ஊசி போட்டாக. நல்லாப் போச்சு, இப்ப ஒண்ணுமில்ல. ஆனா தழும்பு இருக்கும்ல. இங்க வந்தன்னிக்கி ரத்தம் மட்டுந்தான் எடுத்தாக, தப்பிச்சேன். ரெண்டு வருசம் அடுத்த மாசந்தான முடியுது, அதுக்குள்ள காயிதம் வந்துருச்சே."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அரை மணி நேரம் உள்ளேயே இருப்பார். 'குளியல் மகாராசா' என்று நான் பட்டம் வைத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். சைட்டில் சிமெண்ட் தூசிக்கு எல்லாரும்தான் இருமுவோம். அவர் மட்டும் வாயில் மிளகைப் போட்டு அடக்கிக்கொண்டு, அறைக்கு வந்து குழாயைத் திறந்திருக்கிறார். இரண்டு வருசமாக.

"சவூதி எல்லையில அபூ சம்ராப் பக்கம் எங்கூர்க்காரன் ஒருத்தன் ஆட்டுப்பண்ணையில கெடக்கான். வியாழக்கெழம அங்க தண்ணி லாரி போகுது. ஏறிருவேன்."

"பாஸ்போர்ட்டு விசா குடுத்த மொதலாளி கபீல்ட்டல்ல இருக்கு. திரும்பி ஊருக்கு எப்பிடிப் போவீங்க?"

"போகத்தான் முடியாது" என்றார், வேறு யாரைப் பற்றியோ பேசுவது போல. "அங்கிட்டுருந்து எதாச்சும் அனுப்பிக்கிட்டிருக்கலாம். கேன்சல்னு போயி எறங்குனா ராக்கம்மா மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒரு மோர்ப்பெட்டிக்காக அந்த மனுசன் நெஞ்சுக்குள்ளே வைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார். வேடிக்கைக்குச் செய்தேன் என்று சொன்னால் என் முகத்தை இனிமேல் பார்ப்பாரா? வாயை மூடிக்கொண்டேன். கீழே கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முன்பெல்லாம் மேலே நிற்கும்போது கீழே பார்க்கவே மாட்டார். இப்போது சைட் கேட்டுக்குள் எந்த வெள்ளை வண்டி வந்தாலும் குனிந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஆபீஸ் வேன் உள்ளே திரும்பியது. ஆறாவது மாடி உயரத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். கால் குழாயை விட்டு நழுவியது.

ஸ்பேனர் மட்டும் விழுந்தது. எனக்கு ஒரு முழம் தள்ளி மணலில் குத்திட்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையால் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கத்தவில்லை. கால் துழாவித் துழாவி ஒரு கம்பியைக் கண்டுபிடித்தது. ஃபோர்மேன் கீழேயிருந்து, "அரே பாய், ஜல்தி ஜல்தி" என்று இந்தியில் எதையோ கத்திக்கொண்டிருந்தார். வேனிலிருந்து இறங்கியது குடிதண்ணீர் ஜாடி.

நான் சாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வெயில் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் குளியலறைக்குள் உட்கார்ந்து இரண்டாவது காகிதம் எழுதினேன். இந்தத் தடவை சோப்புப் பெட்டி அரபி. மேலே MEDICAL OK FINISH. அதே சோடா மூடி. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வேண்டாமாம்ணே. கலாஸ்னு போட்டிருக்கு, முடிஞ்சுபோச்சாம்."

நிதானமாகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "யாரு குடுத்தா?"

"ஆபீஸ் டிரைவரு."

"நல்ல டிரைவரு" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வியாழக்கிழமை தண்ணீர் லாரி வந்தது, ஹாரன் அடித்தது, போனது. உடையப்பண்ணன் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் சமையல் முறை. மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். எனக்குச் சோறு போட்டார், மீன் குழம்பு ஊற்றினார். தட்டுக்குப் பக்கத்தில் மோர்ப்பெட்டியை வைத்தார். அதற்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு காகிதத்தை விரித்து வைத்தார்.

"வாசி" என்றார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"படிச்சவன் எழுத்தப் பாப்பான். எனக்கு எல்லாம் படந்தான். இந்தா பெட்டியில இருக்க மாட்டுப் படத்தோட வாலு தொங்கி, இந்த எழுத்து மேல விழுந்திருக்கு பாரு. நீ வாலையுஞ் சேத்து எழுதிருக்கடா."

பார்த்தேன். மாட்டின் வால், நுனிக் குஞ்சத்தோடு, என் கையெழுத்தில் அழகாக இருந்தது.

"எப்பண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"பொதங்கெழம காலையில, மோரு வாங்கும்போது. கடைக்காரரு மலையாளத்து முஸ்லிம், வாசிச்சுக் காட்டுனாரு. நல்லாக் குலுக்கிக் குடிக்கணுமாம். குளிர்ல வைக்கணுமாம்."

"அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். சாயங்காலம் சோப்புப் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் குளிக்கப் போன. சரி, போகட்டும்னு விட்டேன்." மோர்ப்பெட்டியை எடுத்துக் குலுக்கினார். "அடுத்த மாசம் நெசக் காயிதம் வரும். அதுல மாட்டு வாலு இருக்காது."

என் தட்டில் ஊற்றினார். மோர் தட்டுக்கு வெளியே சிந்தியது.

"இதையுஞ் சொல்லிரு" என்று இரண்டாவது காகிதத்தைத் திருப்பிப் போட்டார். "இங்கிலீசுல நான் கையெழுத்துப் போடுற எம் பேரு. எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான். பன்னெண்டு தடவ எழுதிப் பாத்திருக்க. போகப் போக எங் கைய மாதிரியே வருது. எதுக்குடா?"

தட்டை ஓரமாகத் தள்ளினேன்.

"சட்டையக் கழட்டிட்டு எனக்குப் பதிலா நிக்கலாம்னு பாத்தியா?" என் மேலுதட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "மீசையே மொளைக்கல. முப்பத்தஞ்சு வயசுன்னு எவன்டா நம்புவான்? சாப்புடு."