இடக்கை வளையல்கள்

வளைகாப்பு முடிந்து அக்காவை ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதே இல்லை. இரண்டு கையிலும் நெருக்கமாகக் கண்ணாடி வளையல்கள். காய் நறுக்கினாலும் சத்தம், தூக்கத்தில் புரண்டாலும் சத்தம். பிரசவம் வரைக்கும் அவற்றைக் கழற்றக் கூடாது என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பையே முதலில் முடித்தவள் நான்தான். அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு, அவர் எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். அம்மாவுக்கும் அங்கேயே இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அந்த மாதம் கல்லூரியில் முதலுதவி முகாம் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதோடு நிற்காமல், தினமும் வீட்டுக்கு வந்து அக்காவுக்கும் ஒப்பித்தேன்.

"எனக்கு அடிபடறதுக்கு முன்னாடியே இவ கட்டுப் போட்டுடுவா போலிருக்கு" என்பாள் அக்கா.

ஒரு விடுமுறை நாளில் அக்காவின் மாமியார் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். பையில் முருங்கைக்கீரையும் அதிரசமும். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் சமைக்கிறேன் என்றதற்கு, "நீ வடிச்சா சோறு வராது, பாயசம்தான் வரும்" என்று அக்கா எழுந்து போனாள். மாமியார் வந்திருக்கும்போது தங்கை கைச் சோற்றைப் போடுவதா என்பது அவளுடைய எண்ணம்.

கஞ்சி வடிக்கும்போது தட்டு நழுவிவிட்டது. கொதிக்கிற கஞ்சி இடது மணிக்கட்டில் கொட்டி, வளையல்களுக்கு அடியில் ஓடியது. அக்கா கத்தவில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு, "ஏய், இங்க வாயேன்" என்று மட்டும் கூப்பிட்டாள்.

கொல்லைக் குழாயடியில் உட்கார வைத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் மெலிதாகத்தான் வந்தது. வந்த வரைக்கும் போதும். தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். கை குளிர வேண்டும், அவள் குளிரக் கூடாது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மறு நிமிடம், வெந்த இடத்தில் தடவ ஒரு கையில் பேனா மை பாட்டிலும் மறு கையில் பற்பசையுமாக வந்து நின்றார். மை வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருடைய மகன் பிரான்சில் இருந்தார்.

"மை வாணாம்னா இதப் போடு. இது நம்ம ஊரு பேஸ்ட்டு இல்ல, பிரான்சு பேஸ்ட்டு."

"அங்கயும் பல்லுக்குத்தான் பெரியம்மா போடறாங்க."

"படிச்ச புள்ள, வாயப் பாரு" என்றார். ஆனால் போகவில்லை. மதிலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

எனக்குக் கவலை வேறு. முகாமில் அழுத்திச் சொன்னது ஒன்று உண்டு: வெந்த கை சீக்கிரம் வீங்கும், மோதிரமோ வளையலோ இருந்தால் வீங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், பிறகு அது தோலைப் பிடித்து இறுக்கும். கஞ்சியின் பசை வேறு வளையல்களுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தது.

"அக்கா, வளையல கழட்டணும்" என்றேன்.

"அதெல்லாம் கூடாது." பின்னாலேயே வந்திருந்த அத்தைதான் சொன்னார். அக்காவின் கையை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

மூடநம்பிக்கை என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. பேச்சுப் போட்டியில் அதை வைத்துப் பரிசு வாங்கியவள் நான். அதற்குள் அத்தை, என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மொதப் புள்ளக்கி நடவு நடக்கொள்ள வளையல் ஒடஞ்சிது. அந்தப் புள்ள தங்கல."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல்கள் உப்ப ஆரம்பித்திருந்தன. அவள் என்னையும் பார்த்தாள், மாமியாரையும் பார்த்தாள்.

பேச்சுப் போட்டியில் பேசிய எதுவும் அங்கே உதவாது என்று எனக்குத் தெரிந்தது. அக்காவின் வலது கையில் முழங்கை வரைக்கும் இன்னும் இடம் இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

"அத்தை, வளையல் அக்காவ வுட்டுப் போவ வாணாம். இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திடலாம். ஒடம்புலயேதான் இருக்கும்."

அத்தை யோசித்தார். மதிலிலிருந்து பெரியம்மா, "அது சரிதானே சம்பந்தி, வளையலுக்கு இடது வலது தெரியுமா இன்னா" என்றார்.

அதன் பிறகு அத்தை என்னைக் கிட்டே விடவில்லை. "தள்ளு, நீ ஒடச்சிடுவ" என்றார். உள்ளங்கையிலும் விரல் முட்டிகளிலும் மட்டும் சோப்பைத் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஒவ்வொன்றாக உருவினார். உருவிய வளையல் கீழே போகாது. நேராக வலது கைக்கு ஏறும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் வெந்த இடத்தில் விழுகிற மாதிரி அவள் கையைப் பிடித்திருந்தேன்.

கடைசி வளையல் முட்டியில் சிக்கியது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. கை அதற்குள் வீங்கிவிட்டது.

அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "உங்கப்பாவோட கட்டிங் பிளேயர எடுத்துட்டு வா" என்றார். புடவைத் தலைப்பை மடித்து வளையலுக்கு அடியில் கொடுத்தார். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. டக்கென்று ஒரு சத்தம். துண்டுகளைத் தலைப்பிலேயே முடிந்துகொண்டு, "ம், தண்ணி வுடு" என்றார்.

மணிக்கட்டைச் சுற்றிக் கொப்புளம் எழும்பியது. கர்ப்பிணி என்பதால் வீட்டு வைத்தியத்தோடு விடக் கூடாது என்று சொல்லி, துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியைத் தளர்வாகப் போர்த்தி, ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெண். "மேல என்ன தடவுனீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி மட்டும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு சொல்லிக்குடுத்தது?" என்றார். நான் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார்: "இவதான். எங்க மருமவளோட தங்கச்சி. காலேஜ் படிக்கிறா." அந்த வாக்கியத்தை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கென்று வந்த அத்தை தங்கிவிட்டார். கொப்புளத்தை உடைக்காமல் பார்த்துக்கொள்வதும், அக்கா படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை வைப்பதும் அவர் வேலை. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் வேலை. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு அனுப்புவார். கூடாது என்ற பதிலோடு நான் திரும்பி வருவேன். புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடிய பிறகு நர்ஸே, அரிப்பெடுக்காமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் அத்தை. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஆனால் இரவில் அக்கா புரண்டு, ஒரு கை மட்டும் ஒலிக்கும்போதெல்லாம் அவர் விழித்துக்கொள்வதை நான் கவனித்திருந்தேன். உடைந்த ஒன்றைப் பற்றி அவர் பேசவே இல்லை. அக்காவும் பேசவில்லை. குழந்தை அசைகிறபோது மட்டும் மாமியாரின் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ், வளையலையெல்லாம் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். அங்கே எல்லோருக்கும் அதுதான் விதி. அத்தை மறுபேச்சில்லாமல் உருவித் தலைப்பில் முடிந்துகொண்டார். அக்கா உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். அத்தை உட்காரவே இல்லை. அம்மா வாங்கி வந்த டீ அவர் கையிலேயே ஆறியது.

அழுகுரல் நல்ல பலமாகக் கேட்டது. பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது, அத்தை அதன் மூடிய கையை ஒரு விரலால் மெல்லத் திறந்தார். அது அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

எங்கள் பக்க வழக்கப்படி வளையல்கள் பிரசவம் பார்த்தவருக்குச் சேர வேண்டும். அத்தை முடிச்சை அவிழ்த்து நர்ஸிடம் நீட்டினார்.

"ஒண்ணு கொறையும்மா" என்றார். "அத நான்தான் ஒடச்சேன்."